கூலி கேட்காத தையல்

2020 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், எவன்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த டீக்கனஸ் மருத்துவமனைக் குழுமம் ஊர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. கேட்டது ரத்த தானமும் இல்லை, நன்கொடையும் இல்லை. வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவர்கள், எங்கள் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் துணியில் முகக்கவசம் தைத்துத் தருவீர்களா என்பதுதான் வேண்டுகோள். எப்படி வெட்டி எப்படித் தைப்பது என்று காட்டும் காணொளியையும் கூடவே வெளியிட்டார்கள். சில நாட்களில் அது நாடு முழுவதும் சுற்றிவந்தது. இதே முகக்கவசப் பற்றாக்குறையில் தவித்த மற்ற மருத்துவமனைகளும் அதை எடுத்துப் பகிர்ந்தன.

மருத்துவத்துக்கு உலகிலேயே அதிகம் செலவழிக்கும் நாடு அமெரிக்கா. அங்கே ஒரு மருத்துவமனை வீட்டுத் தையல் மிஷின்களை நம்பி நிற்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கிடங்கு. பேரிடர்க் காலத்துக்கென்று அந்நாட்டு அரசு மருந்தும் உபகரணங்களும் சேர்த்து வைக்கும் தேசியக் கிடங்கிலிருந்து, 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது சுமார் 8.5 கோடி என்95 முகக்கவசங்களை எடுத்து விநியோகித்தார்கள். எடுத்த அளவுக்குத் திரும்ப நிரப்பவில்லை. கொரோனா வந்தபோது அங்கே இருந்தவை ஏறத்தாழ 1.2 கோடி என்95-களும் 3 கோடி அறுவைசிகிச்சை மாஸ்க்குகளும்தான். கடுமையான பெருந்தொற்று ஓராண்டு நீடித்தால் 350 கோடி என்95 தேவைப்படும் என்று கணக்குச் சொன்னதும் அதே அரசின் சுகாதாரத் துறைதான்.

வெளியிலிருந்து வாங்கலாம் என்றால், உலகின் மாஸ்க்குகளில் ஏறக்குறைய பாதியைச் செய்துவந்த சீனாவே அப்போது மாஸ்க்குக்கு அலைந்துகொண்டிருந்தது. புதிதாக ஆலை தொடங்குவதும் லேசான காரியமல்ல. என்95-ன் உயிர்நாடி அதன் நடுவே இருக்கும் ‘மெல்ட்ப்ளோன்’ என்ற அடுக்கு. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாகப் பரப்பி, அதற்கு மின்னேற்றமும் செய்திருப்பார்கள். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, கடந்துபோகும் நுண்துகள்களை அந்த இழைகள் இழுத்து ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யும் எந்திரத்தின் விலை அதிகம். சொல்லி வைத்தாலும் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும்.

பருத்தித் துணிக்கு அந்த மின்னேற்றம் கிடையாது. கேட்ட மருத்துவமனைக்கும் இது தெரியும். வேறெதுவும் கிடைக்காவிட்டால் கடைசி வழியாகக் கைக்குட்டையோ கழுத்துத்துண்டோ கட்டிக்கொள்ளலாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே அந்த மார்ச்சில் சொல்லியிருந்தது. நியூயார்க்கில் செவிலியர்கள் கறுப்புக் குப்பைப் பையைக் கவச உடையாக மாட்டிக்கொண்டு நின்ற படம் பத்திரிகைகளில் வந்ததும் அதே மாதத்தில்தான்.

துணி மாஸ்க்குக்குப் பழைய வரலாறு உண்டு. 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே, காஸ் துணிக்குள் பஞ்சை வைத்து முகக்கவசம் செய்து அணியச் சொன்னார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களிலேயே பிளேக்குக்குப் பலியானார். 1918 இன்ஃப்ளுயன்ஸாவின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெண்கள் நீண்ட மேசைகளில் உட்கார்ந்து காஸ் துணியை மடித்து மடித்து மாஸ்க் செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஜனவரியில் அங்கே ‘மாஸ்க் எதிர்ப்புச் சங்கம்’ முளைத்தது. நூறாண்டு கழித்து மாஸ்க்கை வைத்து நடந்த சண்டைகளுக்கும் ஒத்திகை அப்போதே முடிந்துவிட்டது.

டீக்கனஸ் கொடுத்த அளவு எளிமையானது. பெரியவர்களுக்கு 9 அங்குலத்துக்கு 6 அங்குலம், பருத்தித் துணியில் இரண்டு துண்டு. நல்ல பக்கம் இரண்டையும் உள்நோக்கி வைத்து, நான்கு மூலையிலும் எலாஸ்டிக்கின் நுனிகளைச் சொருகி, சுற்றித் தைத்து, ஓரத்தில் விட்ட இடைவெளி வழியாகத் திருப்ப வேண்டும். பிறகு பக்கவாட்டில் மூன்று மடிப்பு எடுத்து, மேலே ஒரு தையல். பழகிய கைக்குக் கால் மணி நேரம் ஆகாது. பாவாடைக்கு மடிப்பு வைத்தவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக எதுவும் இல்லை.

துணிக்கு அங்கே பஞ்சமில்லை. அமெரிக்காவில் ‘குவில்ட்’ என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது லட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. நெருக்கமாக நெய்த நல்ல பருத்தித் துணியைக் கண்ட இடத்திலெல்லாம் வாங்கி, என்றாவது தைக்கலாம் என்று பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். வீட்டில் அதற்காகக் கேலியும் வாங்கியிருப்பார்கள். அந்தப் பெட்டிகளெல்லாம் மார்ச் மாதத்தில் திறந்தன. செவிலியர்களின் முகங்களில் ரோஜாப் பூவும் பூனைக்குட்டியும் கிறிஸ்துமஸ் மரமும் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். ஜோன் என்ற துணிக்கடைத் தொடர், மாஸ்க் தைத்துக் கொடுப்பவர்களுக்குத் துணியும் எலாஸ்டிக்கும் இலவசமாகத் தந்தது.

தீர்ந்துபோனது எலாஸ்டிக். கால் அங்குல எலாஸ்டிக் கடைகளிலிருந்து சில வாரங்களில் மாயமாகிவிட, தையல்காரர்களின் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. பழைய படுக்கை விரிப்பின் ஓரத்திலிருந்து எலாஸ்டிக்கை உருவினார்கள். தலைமுடி ரப்பர் பாண்டை அப்படியே வைத்துத் தைத்தார்கள். அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகர மருத்துவமனையிலிருந்து வந்த ‘ஆல்சன் மாஸ்க்’ என்ற வடிவம் முடி பாண்டை நம்பியே வரையப்பட்டது. வடிகட்டித் தாள் வைத்துக்கொள்ள உள்ளே ஒரு பையும் அதில் உண்டு. பழைய டி-ஷர்ட்டைக் குறுக்காக நாடாவாக வெட்டி இழுத்தால் அது தானாகச் சுருண்டு மெத்தென்ற கயிறாகிவிடும், காதையும் உறுத்தாது. எதுவும் கிடைக்காதவர்கள் துணியிலேயே நாடா தைத்துப் பின்னந்தலையில் கட்டும்படி விட்டார்கள். இது வேலையை இரட்டிப்பாக்கும். ஆனால் கொதிநீரில் துவைக்கத் தாங்கும் என்பதால் மருத்துவமனைகளுக்கு இதுவே உகந்ததாக இருந்தது.

அடுத்த தலைவலி மூக்கு. கண்ணாடி போட்டவர் மூச்சு விட்டால் கண்ணாடி புகைபோல் மங்கும். மூக்குத் தண்டின் மேல் மாஸ்க் படிந்து உட்காராமல், காற்று அந்த வழியாகத் தப்பிக்கிறது என்று அர்த்தம். வளைத்து அழுத்தக்கூடிய கம்பி வேண்டும். காபிப் பொட்டலத்தின் வாயை மடித்துக் கட்டும் தகரப் பட்டை, குழந்தைகள் கைவேலைக்கு வாங்கும் பஞ்சுக் கம்பி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் மாஸ்க்குக்குள் போனது. கம்பி மேல் பட்டு எத்தனை ஊசி உடைந்தது என்பதற்குக் கணக்கில்லை.

கொஞ்ச நாளில் வீடுகள் தொழிற்சாலையின் ஒழுங்குக்கு வந்தன. துணியை முதலிலேயே துவைத்துச் சுருங்க வைத்துவிடுவது. ஒரு நாள் முழுக்க வெட்டு, மறுநாள் முழுக்கத் தையல். ஒரு துண்டு முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்ததைப் பாதத்தின் கீழ் தள்ளி, தோரணம்போல் ஓட்டிவிட்டுக் கடைசியில் மொத்தமாக நறுக்குவது. மனைவி தைக்க, கணவர் இஸ்திரி போட்டு மடிப்பு எடுக்க, பிள்ளைகள் எலாஸ்டிக் வெட்ட, சாப்பாட்டு மேசை பல வீடுகளில் சாப்பிடுவதற்குப் பயன்படவில்லை. பரணிலிருந்து இறங்கிய பழைய மிஷின்களைப் பழுது பார்ப்பவர்களுக்கு ஓய்வில்லை. புது மிஷின் கடைகளில் இருப்பு இல்லை.

இதில் கொஞ்சம் மாறுபட்ட கதை வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட முதல் கொரோனா நோயாளிக்கு 2020 ஜனவரியில் சிகிச்சை தந்தது, அங்கே எவரெட் நகரில் இருக்கும் பிராவிடன்ஸ் மருத்துவமனை. ஆகவே பற்றாக்குறையும் அந்தக் குழுமத்தை முதலில் தொட்டது. அதன் ஊழியர்கள் கைவேலைப் பொருள் கடைகளில் பிளாஸ்டிக் தாளும் எலாஸ்டிக்கும் வாங்கிவந்து, கூட்ட அறை மேசையில் முகத்திரைகள் செய்தார்கள். மாஸ்க் விஷயத்தில் அவர்கள் யோசித்தது வேறு மாதிரி: வீட்டுப் பருத்தி வேண்டாம், அறுவைக் கருவிகளைச் சுற்றி வைக்கும் மருத்துவத் தரமான துணியை நாமே வெட்டிப் பொட்டலமாகக் கொடுப்போம், தைப்பது மட்டும் தன்னார்வலர் வேலை. ‘10 கோடி மாஸ்க் சவால்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அழைப்பு வெளியான சில நாட்களிலேயே, அருகில் நாற்காலிக்கும் சோபாவுக்கும் மெத்தை தைக்கும் காஸ் டெய்லர்டு என்ற நிறுவனம், எங்கள் பட்டறையையே மாஸ்க்குக்கு மாற்றுகிறோம் என்று முன்வந்தது. உள்ளூர்த் தொழிற்சாலைகள் கைகொடுத்ததும் பிராவிடன்ஸ், தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லி அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. நியாயப்படி எல்லா ஊரிலும் நடந்திருக்க வேண்டியது இதுதான்.

துணி மாஸ்க் மருத்துவ ஊழியரைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்குப் பதில், கொரோனாவுக்கு ஐந்தாண்டு முன்பே அச்சில் இருந்தது. வியட்நாம் தலைநகர் ஹனோயில் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,607 ஊழியர்களிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2015-ல் வெளியாயின. துணி மாஸ்க் அணிந்த குழுவில் சளிக்காய்ச்சல் வகைத் தொற்றுகள் மருத்துவ மாஸ்க் குழுவைவிடத் தெளிவாக அதிகம். அங்கு பயன்படுத்திய துணி மாஸ்க்குகள் வழியே சோதனைத் துகள்களில் ஏறத்தாழ 97 சதவீதம் நுழைந்துவிட்டன. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும், சரியாகத் துவைக்காமல் திரும்ப அணிவதும் கூடுதல் ஆபத்து என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

2020-ல் அதே ஆய்வுத் தரவுகளைத் திரும்பப் புரட்டியபோது இன்னொரு விஷயம் கிடைத்தது. மாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே கையால் துவைத்தவர்களுக்குத் தொற்று அபாயம், மருத்துவமனைச் சலவைக்குப் போட்டவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சலவைக்குப் போன துணி மாஸ்க்குக்கும் மருத்துவ மாஸ்க்குக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆக, எப்படித் தைத்தார்கள் என்பதற்குச் சமமாக யார் துவைத்தார்கள் என்பதும் முக்கியம். பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியரிடம் துவைக்கும் வேலையையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாமலில்லை.

ஆகவே பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பூப்போட்ட மாஸ்க்குகளை மருத்துவமனைகள் பலவிதமாகப் பயன்படுத்தின. என்95 கிடைத்த இடங்களில் அது நாள்கணக்கில் உழைக்கட்டும் என்று மேலுறையாக அணிந்தார்கள். கோவிட் வார்டுக்குப் போகாத அலுவலகப் பணியாளர்கள், நோயாளிகள், உடன் வந்தவர்கள் என்று மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்.

மருத்துவ ஊழியர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டவை, பெரிதாகப் பேசப்படாத வேறு சில தையல் வேலைகள் என்றே சொல்லத் தோன்றுகிறது. நாள் முழுக்க மாஸ்க் மாட்டினால் எலாஸ்டிக் அறுத்துக் காதின் பின்புறம் புண்ணாகிவிடும். இதற்கு யாரோ கண்ட வழி: தலையில் போடும் துணிப்பட்டையின் இரு பக்கமும் ஒவ்வொரு பித்தான். எலாஸ்டிக்கைக் காதில் மாட்டாமல் பித்தானில் மாட்டினால் வலி போச்சு. குரோஷே ஊசியில் பின்னிய சிறு பட்டையில் இரண்டு பித்தான் தைத்துப் பின்னந்தலையில் வைத்துக்கொள்ளும் வகையும் வந்தது. தைக்கத் தெரியாமல் பின்ன மட்டும் தெரிந்தவர்களுக்கும் இதில் இடம் கிடைத்தது. பிரிட்டனில் ஒரு செவிலியர் தொடங்கிய ‘ஃபார் த லவ் ஆஃப் ஸ்க்ரப்ஸ்’ என்ற குழுவில் பல்லாயிரம் பேர் சேர்ந்து மருத்துவப் பணியாளர்களின் சீருடைகளைத் தைத்தார்கள். தலையணை உறைகள் நாடா கோத்த பைகளாயின. பணி முடிந்ததும் சீருடையை அதில் போட்டுக் கட்டி, கை படாமல் பையோடு துவைக்கும் மிஷினில் தள்ளிவிடலாம்.

2020 ஏப்ரல் 3 அன்று காற்று திசை மாறியது. பொதுமக்கள் வெளியே போகும்போது துணியால் முகத்தை மூடுவது நல்லது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. நோய் அறிகுறி இல்லாதவரும் பரப்பக்கூடும் என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து கிளம்பும் துளிகள், வெளியேறும் இடத்தில் பெரியவை, ஈரமானவை. இரண்டு மடிப்புப் பருத்தித் துணி அவற்றில் கணிசமானதைத் தடுத்துவிடும். காற்றில் மிதந்துவரும் நுண்துகளை மூக்கருகே நிறுத்துவதுதான் அதற்குக் கடினம். அதாவது செவிலியரைக் காக்கத் தைத்த பொருள், செவிலியர் முன்னால் வந்து இருமுகிறவரின் முகத்தில் இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். அந்த ஜூனில் உலக சுகாதார நிறுவனம் துணி மாஸ்க்குக்கு மூன்று அடுக்கைப் பரிந்துரைத்தது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவே நெய்யாத பாலிபுரொப்பிலீன், வெளியே ஈரம் ஒட்டாத பாலியெஸ்டர்.

பொதுமக்கள் முகத்திலும் மாஸ்க் வேண்டும் என்பதைச் செக் குடியரசு முன்பே பிடித்துக்கொண்டது. மார்ச் 19 முதல் வீட்டுக்கு வெளியே யாரும் வாய், மூக்கை மூடாமல் போகக்கூடாது என்று உத்தரவிட்ட அந்த அரசிடம் கொடுக்க மாஸ்க் இல்லை. நாடே தைத்தது. மூடிக்கிடந்த நாடக அரங்குகளின் உடை தைக்கும் பிரிவுகளும், சிறைகளும் மாஸ்க் பட்டறைகள் ஆயின. தைத்ததை மரக்கிளைகளில் தொங்கவிட்டு, வேண்டியவர் எடுத்துப்போகட்டும் என்று விட்டார்கள். என் மாஸ்க் உன்னைக் காக்கும், உன் மாஸ்க் என்னைக் காக்கும் என்பது அங்கு எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. கோடையில் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஜூன் 30 அன்று பிராகாவின் சார்லஸ் பாலத்தில் அரை கிலோமீட்டர் நீள மேசை போட்டுப் பெருந்தொற்றுக்கு விடைகொடுக்கும் விருந்தும் வைத்தார்கள். இலையுதிர்காலத்தில் ஐரோப்பாவிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றாக அது ஆனது.

வங்கதேசத்தில் 600 கிராமங்களில் சுமார் 3.4 லட்சம் பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவும் துணிக்குப் பெரிய ஆறுதலாக இல்லை. மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, அணியச் சொல்லி நினைவூட்டியதில், அணிவோர் விகிதம் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதத்துக்கு உயர்ந்தது. அறுவைசிகிச்சை மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுள்ள தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் பலன் உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த ஒப்பீடு இரண்டும் கிடைக்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். 2020-ன் பெரும்பகுதியில் பல ஊர்களுக்கு இருந்த தேர்வு, துணி அல்லது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாதவர்கள் யார் என்று தேடிப்போன கூட்டம் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸில் உருவானது. கிறிஸ்டினா வாங் என்ற நகைச்சுவை மேடைக் கலைஞர் சான் ஃபிரான்சிஸ்கோவில் சீன அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தவிருந்த அவரது பயணம் ஊரடங்கில் ரத்தானது. கையில் இருந்தது ஹலோ கிட்டி பூனை படம் போட்ட சிறிய தையல் மிஷின். மாஸ்க் வேண்டுவோருக்குத் தைத்துத் தருகிறேன் என்று இணையத்தில் சொல்லிவைத்தார். தனியாளால் தாங்க முடியாத அளவுக்குக் கேட்டு எழுதினார்கள். மார்ச் 24 அன்று ஃபேஸ்புக்கில் ‘ஆன்ட்டி சோயிங் ஸ்க்வாட்’ என்ற குழுவைத் தொடங்கினார். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிய அமெரிக்கப் பெண்கள். அம்மாவோ பாட்டியோ தையல் ஆலையில் உழைத்துக் குடும்பம் வளர்த்தவர்கள் அவர்களில் பலர். சீன வைரஸ் என்று சொல்லித் தெருவில் ஆசிய முகங்களைத் திட்டியும் தாக்கியும் கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இவர்கள் அந்நாட்டு மக்களுக்கு மாஸ்க் தைத்தார்கள்.

முதலில் மருத்துவமனைகளுக்குத் தைத்தார்கள். தொழிற்சாலை மாஸ்க் அங்கே மெல்ல வந்து சேரத் தொடங்கியதும், காசு கொடுத்து வாங்க முடிந்தவர்களுக்கு நாம் ஏன் தைக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பட்டியல் மாறியது: பூர்வகுடிகளின் குடியிருப்புகள், காய்கறித் தோட்டத் தொழிலாளர்கள், எல்லையில் புகலிடம் கேட்டுக் காத்திருப்போர், தினக்கூலிகள், சிறையிலிருந்து வெளிவந்தவர்கள். எந்த அமைப்பு கேட்கிறது, எத்தனை வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்று விசாரித்து, தைப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். தைத்துத் தைத்துச் சோர்ந்தவர்களுக்கு மற்ற ஆன்ட்டிகள் ரொட்டியும் பலகாரமும் சமைத்து அனுப்பினார்கள். ஊதியமில்லா வேலையில் ஆட்கள் ஏன் நிலைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் இந்தப் பலகாரப் பொட்டலத்தைக் கணக்கில் சேர்க்கலாம்.

நவஹோ பூர்வகுடி தேசத்துக்கு அவர்கள் செய்த உதவி தனியாகச் சொல்லத் தக்கது. சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மளிகைப் பொருள் விற்கும் பெரிய கடைகள் பதின்மூன்றுதான்; மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. கையை அடிக்கடி கழுவுங்கள் என்ற அறிவுரைக்கு அங்கே என்ன மதிப்பு? மே மாதத்தில் தலைக்கணக்குப்படி தொற்று நியூயார்க்கையும் மிஞ்சியது. ஆன்ட்டிகள் வேன் எடுத்துக்கொண்டு பாலைவனச் சாலையில் போனார்கள். மாஸ்க்கோடு துணி, எலாஸ்டிக், தையல் மிஷின் எல்லாம் ஏற்றிச் சென்றார்கள். அங்கேயும் தைக்கத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள், இல்லாதது பொருள் மட்டுமே என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது. சரக்கை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற உதவிக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சுமார் 800 பேர், ஒன்றரை ஆண்டுக்குள் 3.5 லட்சம் மாஸ்க் தைத்தார்கள். 2021-ல் குழுவைக் கலைத்துவிட்டார்கள். நிறுவனமாக்கி, அலுவலகம் போட்டு, ஆண்டறிக்கை எழுதும் ஆசை அவர்களுக்கு வரவில்லை. வாங் இந்த அனுபவத்தை ‘ஸ்வெட்ஷாப் ஓவர்லார்ட்’ என்ற தனிநபர் நாடகமாக்கினார். கூலியில்லாமல் குழந்தைகளையும் பெண்களையும் வேலை வாங்கும் கொடுமைக்கார மேஸ்திரியாகத் தன்னையே அதில் கேலி செய்துகொள்கிறார். பெருத்த நூல்கண்டுகளும் ஊசிப்பஞ்சுகளும் நிற்கும் மேடையில் நடந்த அந்த நாடகம், 2022 புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது.

அந்தக் கேலிக்குள் கசப்பு இருக்கிறது. தையலுக்குக் கூலி கேட்கும் பெண்களும் அதே லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தார்கள். அமெரிக்காவில் ஆடைத் தொழில் அதிகம் மிஞ்சியிருக்கும் நகரம் அது. மெக்ஸிகோ, குவாத்தமாலா, ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே பீஸ் ரேட்டுக்கு, அதாவது துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, தைத்துவந்தார்கள். 50 லட்சம் மாஸ்க் தைக்க நகரத்து ஆடை ஆலைகளை 2020 மார்ச்சில் மேயர் எரிக் கார்செட்டி அழைத்தார். ஊரடங்கிலும் மிஷின்கள் ஓடின. ஜூலையில், மாஸ்க் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆலையில் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. நான்கு பேர் இறந்துபோனார்கள். சுகாதாரத் துறை வந்து ஆலையை மூடியது. மற்றவர் முகத்துக்குக் கவசம் தைத்தவர்களுக்கு, தள்ளித் தள்ளி உட்காரக்கூட இடம் கொடுத்திருக்கவில்லை.

இந்தியாவில் இந்த வேலை பெருமளவு மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கைக்குப் போனது. கேரளத்தில் குடும்பஸ்ரீ குழுக்களும் சிறைக் கைதிகளும் மார்ச்சிலேயே தைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏப்ரலில் அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி சவிதா கோவிந்த், முகத்தில் சிவப்புத் துணி மாஸ்க்கோடு மிஷினில் உட்கார்ந்து, டெல்லி காப்பகங்களுக்கு மாஸ்க் தைத்த படம் வந்தது. தமிழ்நாட்டில் குழுப் பெண்கள் தைத்தார்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகளும் மாஸ்க்குக்கும் கவச உடைக்கும் மாறின, ரேஷன் கடைகள் வழியாக ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் தரும் திட்டத்தை அரசு அறிவித்தது. குழுப் பெண்கள் தொண்டாக மட்டும் தைக்கவில்லை. வேலை நின்றுபோன நேரத்தில் மாஸ்க்குக்கு இவ்வளவு என்று வந்த காசு பல வீடுகளில் அடுப்பெரியக் காரணமானது. அது சேவையில்லை, வருமானம்தானே என்று யாராவது சொன்னால், அவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

ஏனென்றால் மாஸ்க் தைத்த பெண்களை உலகம் கைதட்டிப் பாராட்டியது, அவர்கள் இலவசமாகத் தைத்தவரைக்கும்தான். காசுக்குத் தைப்பவர்கள் பக்கம் கவனம் திரும்ப அதிக நாளானது. கலிஃபோர்னியாவில் ஆடைத் தொழிலாளர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த சட்டம், பெருந்தொற்றில் நடந்தவற்றை எல்லோரும் பார்த்த பிறகுதான் நகர்ந்தது. 2021 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட எஸ்.பி.62 சட்டம், ஆடைத் தைப்பில் பீஸ் ரேட்டை ஒழித்து மணிக்கணக்கு ஊதியத்தைக் கட்டாயமாக்கியது. துணை ஒப்பந்தக்காரர் கூலியை ஏமாற்றினால், அந்தச் சரக்குக்கு ஆர்டர் கொடுத்த பிராண்டும் பதில் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படியொரு சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் அதுதான்.